பதினேழாம் வட்டம்

அத்தியாயம் 3

காலை ஒன்பதே முக்காலுக்கு வான்வழித் துறை இயக்குநர் எங்களுக்கு வானத்தைக் காட்டினார். அது அவர் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது.

எங்களுக்கு என்றால் சித்திக்கும் எனக்கும். சித்தி என் அம்மாவின் தங்கை. டெலிபோன் இலாகாவின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, ஊரில் உள்ள அத்தனை பொய்யையும் காது வழியாக வாங்கிப் பழகியவர். பிறகு அந்தப் பழக்கத்தையே தொழிலாக்கிக்கொண்டு துப்பறிய வந்துவிட்டார். நான் உதவியாளன். வயது முப்பத்தைந்து, முன்வழுக்கை, சொந்தக் கார். கார் இருந்ததால்தான் வேலை கிடைத்தது என்று சித்தி எல்லோரிடமும் சொல்வார். நான் மறுத்ததில்லை.

சுவரில் இரண்டு வரைபடங்கள். பழையதில் விமானப் பாதைகள், கடைத்தெருவில் தெரிந்தவர்களையெல்லாம் பார்த்துப் பேசிவிட்டுப் போகிறவர் மாதிரி வளைந்து வளைந்து போயின. புதியதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது.

"முன்னாடி தரையில ரேடியோ கோபுரங்கள் இருந்தது. ஒவ்வொரு கோபுரத்துக்கு மேலயும் தொட்டுத் தொட்டுத்தான் விமானம் போகணும்," என்றார் இயக்குநர். "இப்ப சாட்டிலைட் வந்தாச்சு. நேரா போகலாம். அடுத்தது இந்தச் சிவப்பு வட்டங்கள். இதுக்குள்ள விமானம் நுழையக் கூடாது. மொத்தம் நாப்பது. ராணுவத்துக்குன்னு ஒதுக்கி, வருஷம் பூரா மூடியே கிடந்தது. இனிமே அவங்களுக்கு வேணுங்கற நேரம் மட்டும் மூடுவோம். ராணுவ டெஸ்க், சிவில் டெஸ்க், எந்தப் பக்கம் மூடினாலும் அடுத்த நிமிஷம் ரெண்டு பக்கமும் தெரியும். முப்பத்தொன்பது வட்டத்துக்குச் சொந்தக்காரங்க வந்து கையெழுத்துப் போட்டாச்சு."

"நாப்பதாவது?" என்றார் சித்தி.

இயக்குநரின் விரல் ஒரு வட்டத்தின் மேல் நின்றது. "வட்டம் பதினேழு. தரைப்படை எங்களுது இல்லைங்குது. விமானப்படையும் இல்லைங்குது. கடற்படையும் இல்லைங்குது."

"தீயணைப்புப் படையைக் கேட்டீங்களா சார்?" என்றேன்.

"கேட்டோம்," என்றார். அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

விஷயம் இதுதான். யாருக்கும் சொந்தமில்லாத அந்த வட்டம், தினமும் காலையில் 'உபயோகத்தில் உள்ளது' என்று சிவில் டெஸ்க் ரிஜிஸ்டரில் பதிவாகிறது. பதினோரு வருடமாக, ஒரு நாள் விடாமல், ஒரே பெண்ணின் கையெழுத்தில். உறுதி செய்தவர் என்ற கட்டத்தில் 'ராணுவ டெஸ்க்' என்று எழுதியிருக்கிறார். ராணுவமோ நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த அம்மாளைக் காலை எட்டு மணிக்கு சஸ்பெண்ட் செய்தாயிற்று. மாலை நான்கு மணிக்கு விசாரணை.

"யாருக்காகவோ எழுதறாங்க," என்றார் இயக்குநர். "அந்த வானத்தை யாரோ ரகசியமா வச்சிருக்காங்க. அது யாருன்னு நாலு மணிக்குள்ள எனக்கு வேணும்."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"அவங்களே இட்டுக்கட்டி எழுதினதா முடிவாகும். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு, பாவம்தான். நான் என்ன பண்ணட்டும்?"

"பதினேழை இப்போதைக்கு மூடியே வச்சிருப்பீங்களா?"

"எதுக்கு? பன்னிரண்டு மணிக்குப் புது வரைபடம் அமலுக்கு வருது. கீழ பெரிய ஹால்ல விழா. பதினேழையும் சேர்த்துத்தான் திறக்கறோம். முதல் விமானமே அது வழியாத்தான் ஆறாயிரம் அடியில இறங்கப் போகுது."

"சொந்தக்காரர் யாருன்னு தெரியாமலா சார்?"

"இல்லாத சொந்தக்காரரை எங்க போய்க் கேக்கறது?" என்றார்.

சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பதில் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடிதான் சுத்தமாகும்.

*

அந்த அம்மாள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, பக்கத்தில் சாப்பாட்டுப் பை. ஆபீசில் எல்லோரும் டெஸ்க்கம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார்.

"சஸ்பெண்ட் ஆனவங்க வீட்டுக்குப் போகலாமே?" என்றேன் நான்.

"ஸ்டாஃப் வேன் ரெண்டு மணிக்குத்தான் தம்பி," என்றார். "இங்கேருந்து பஸ் கிடையாது."

சித்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தினமும் காலையில என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ஆறு மணிக்கு வருவேன். எனக்கும் ராணுவ டெஸ்க்குக்கும் நடுவுல ஒரு சுவரு. சுவத்துல ஒரு ஜன்னல், இவ்வளவுதான் இருக்கும். முந்தின நாள் அவங்க குடுத்த சீட்டு என் கிட்ட இருக்கும். எந்த வட்டம், எத்தனை மணியிலிருந்து, எவ்வளவு உயரம் வரைக்கும்னு அதுல இருக்கும். வட்டமெல்லாம் ராணுவத்துக்குச் சொந்தம்தானே? அதனால அதைப் பாத்து என் ரிஜிஸ்டர்ல எழுதிப்பேன். ஒரு சீட்டு எழுதி ஜன்னல் வழியா தள்ளுவேன். அரைமணி கழிச்சு அவங்க சீட்டு வரும். மாத்தம் ஏதாவது இருந்தா அடுத்த நாள் அதைப் பாத்து எழுதிப்பேன்."

"பதினேழுல மாத்தம் வந்திருக்கா?"

"பதினேழு சாது," என்றார் டெஸ்க்கம்மா. "அது ஒரு நாளும் தொந்தரவு குடுத்ததில்லை."

"யாராவது எழுதச் சொன்னாங்களா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மா, எனக்கு அந்த வட்டம் எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது. இந்த டெஸ்க்குக்கு வந்த முதல் நாளே சீட்டுல இருந்தது, எழுதினேன். இதுக்குப் போய்ப் பின்னாடி யாரு, யாருன்னு கேக்கறாங்க. என் பின்னாடி சுவருதான் இருந்தது."

சித்தி எழுந்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வார்கள். சித்தி மட்டும் வேலையைப் பார்ப்பார்.

ராணுவ டெஸ்க்கில் இருந்தவரின் மீசைதான் முதலில் தெரிந்தது, ஆள் பிறகு தெரிந்தார். சித்தி அவருடைய ரிஜிஸ்டரைக் கேட்டார். உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"டைரக்டர் சார் இதைப் பாக்கலையா?" என்றேன் ஆச்சரியத்தோடு.

"கேட்டா குடுப்போம்," என்றார் மீசைக்காரர். "கேக்கல."

டெஸ்க்கம்மாவின் ரிஜிஸ்டரையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் சித்தி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரித்தார். பதினோரு வருடமாக நான்கு அங்குலச் சுவரின் இரண்டு பக்கமும் இருந்த புத்தகங்கள். முதல் தடவையாகச் சந்தித்துக்கொண்டன.

டெஸ்க்கம்மாவின் ரிஜிஸ்டர்: வட்டம் பதினேழு, உபயோகத்தில் உள்ளது. உறுதி செய்தவர், ராணுவ டெஸ்க்.

மீசைக்காரரின் ரிஜிஸ்டர்: வட்டம் பதினேழு, உபயோகத்தில் உள்ளது. உறுதி செய்தவர், சிவில் டெஸ்க்.

நான் இரண்டு தடவை படித்தேன். "சித்தி, இவங்க அவங்களைக் கைகாட்டறாங்க, அவங்க இவங்களைக் கைகாட்டறாங்க."

மீசைக்காரர் நிமிர்ந்தார். "பதினேழு எங்க வட்டம் இல்லையே. அந்தம்மா சீட்டுல வருது, அப்ப சிவில்காரங்க ஏதோ வச்சிருக்காங்கன்னு பாத்து எழுதறேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் எழுதினாரு."

"எழுதி, திரும்ப அவங்களுக்கே சீட்டு அனுப்புவீங்க."

"முறைப்படி அனுப்பணுமே."

"அதைப் பாத்து அடுத்த நாள் அவங்க எழுதுவாங்க."

மீசை லேசாக இறங்கியது.

இயக்குநரைப் போனில் பிடித்தோம். அவர் மசியவில்லை. "ஒருத்தர் மேல ஒருத்தர் போட்டுக்கறாங்க. முதல்ல எழுதினது அந்தம்மாதான்," என்றார்.

சித்தி ஏற்கெனவே பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். புகார்ப் பிரிவில் இருந்தவருக்குப் பழைய தாள் என்றால் கை தானாக ஓடும்.

"நாலு வருஷம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை," என்றார் போனில். "அதுவரைக்கும் உயரம் எட்டாயிரம் அடி. அன்னிக்கு டெஸ்க்கம்மா கை தவறி எட்டாயிரத்து ஐந்நூறுன்னு எழுதியிருக்காங்க. அன்னிக்கே ராணுவ ரிஜிஸ்டர்லயும் எட்டாயிரத்து ஐந்நூறு. இன்னிவரைக்கும் அதுதான். அப்ப இந்தப் பக்கம் எழுதினதை அந்தப் பக்கம் நம்பியிருக்கு. சரியா?"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"பொறுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் மாலை நாலு மணிக்கு முடியும். அன்னிக்கு ராணுவ ரிஜிஸ்டர்ல அஞ்சுன்னு விழுந்திருக்கு. சனிக்கிழமை காலையில டெஸ்க்கம்மா ரிஜிஸ்டர்லயும் அஞ்சு. அப்ப அந்தப் பக்கம் எழுதினதை இந்தப் பக்கம் நம்பியிருக்கு. ஒருத்தர் உத்தரவு போட்டு இன்னொருத்தர் எழுதினா, தப்பு ஒரு பக்கமிருந்துதான் வரும் சார். இங்க ரெண்டு பக்கமிருந்தும் வருது. ரெண்டு பேருமே அடுத்தவரைப் பாத்து எழுதற பரீட்சை இது. கேள்வித்தாள் யார் கிட்டயும் இல்லை."

இயக்குநர் உற்சாகமாகவே பேசினார். "அப்ப பதினேழுக்குச் சொந்தக்காரர் நிஜமாவே இல்லை! நல்லதாப் போச்சு. நிம்மதியா திறக்கலாம்."

"டெஸ்க்கம்மா?"

"இன்னும் மோசம். யாரும் சொல்லாததைப் பதினோரு வருஷம் உறுதின்னு எழுதியிருக்காங்க. நாலு மணிக்குப் பாக்கலாம்." போனை வைத்துவிட்டார்.

ஆக, சித்தி கண்டுபிடித்த உண்மை அந்த அம்மாளின் வேலைக்கே உலை வைத்துவிட்டது. எங்கள் தொழிலில் இது அவ்வப்போது நடக்கும்.

"பதினேழைப் பத்தி வேற ஃபைல் ஏதாவது இருக்கா?" என்று சித்தி மீசைக்காரரிடம் கேட்டார்.

இருந்தது. அதில் ஒரே ஒரு கடிதமும் அதற்கு ஒரு பதிலும். ஆறு வருடத்துக்கு முன் இடிமேகத்துக்குப் பயந்து ஒரு விமானி பதினேழாம் வட்டத்தின் ஓரமாக நுழைந்து வெளியேறியிருக்கிறார். அவர் எழுதியிருந்தது: 'பகல் பன்னிரண்டே கால். ஆறாயிரம் அடி உயரத்தில், எங்களுக்கு வலப்புறம் மிக அருகில், மிகப் பெரிய வெள்ளைப் பறவை ஒன்று வட்டமிட்டது. இறக்கையை ஒரு முறைகூட அசைக்கவில்லை.'

அதிகாரி ஒருவர் இதைக் கர்மசிரத்தையாக வனத்துறைக்கு அனுப்பியிருந்தார். வனத்துறையின் பதில்: 'குறிப்பிட்ட அளவில் பறவை எதுவும் இந்நாட்டில் இல்லை. எனவே நடவடிக்கை எடுக்க இயலாது.' கீழே முத்திரை. கோப்பு முடிக்கப்பட்டது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. கண்ணாடியையும் துடைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டியை எடு," என்றார். "இந்த வட்டத்துக்கு நட்ட நடுவுல என்ன இருக்குன்னு பாக்கணும்." நடைபாதை பெஞ்சருகே வந்ததும் நின்றார். "டெஸ்க்கம்மா, நீங்களும் வாங்க. வேன் ரெண்டு மணிக்குத்தானே?"

மணி பத்தே முக்கால்.

*

ஐம்பது நிமிட ஓட்டம். கடைசி மூன்று கிலோமீட்டர் மண்சாலை. அதன் முடிவில் ஒரு கம்பி வேலி, உள்ளே நீளமான புல்தரை, தகரக் கொட்டகை ஒன்று. கொட்டகைக்கு வெளியே, இறக்கை நீண்ட ஒரு வெள்ளை விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்கு இன்ஜினே இல்லை.

"பறவை," என்றார் சித்தி.

அகலத் தொப்பி வைத்த ஒரு பெண் எங்களை நோக்கி வேகமாக வந்தார். நாற்பது வயதிருக்கும். அது இன்ஜின் இல்லாத விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி, அவர் பயிற்சியாளர். "கயிறு கிடக்குது, பாத்து வாங்க!" என்று முதலிலேயே அதட்டினார்.

அது கயிறு அல்ல, கம்பி. புல்தரையின் மறுகோடியில் ஒரு பழைய லாரி இன்ஜின் அந்தக் கம்பியைச் சுற்றி இழுக்கும். பட்டம் ஏற்றுவது போல விமானம் மேலே கிளம்பும். மேலே போனதும் கம்பியைக் கழற்றி விட்டுவிடும்.

"அதுக்கப்புறம்?" என்று டெஸ்க்கம்மா கேட்டார்.

"அதுக்கப்புறம் காத்துதான். வெயில் ஏற ஏற சூடான காத்து மேல போகும். அதுல நுழைஞ்சு வட்டம் போட்டா நாமளும் மேல போவோம். பதினொண்ணுலயிருந்து ஒரு மணி வரைக்கும் பிரமாதமான காத்து. ஆறாயிரம், ஏழாயிரம் அடி சாதாரணமா போகலாம்."

"இப்ப மேல யாராவது இருக்காங்களா?" என்றார் சித்தி.

"ரெண்டு பேரு. ஒருத்தர் பல் டாக்டர். இன்னொண்ணு என் நாத்தனார்."

"கீழ கூப்பிட முடியுமா?"

"ரேடியோ கிடையாதுங்க. கொடி காட்டுவோம். ஆறாயிரம் அடியிலயிருந்து கொடி எங்க தெரியுது? காத்து விட்டா அவங்களே வருவாங்க." பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்ன ஆச்சு? இது எங்க வானம். பேப்பர் இருக்கு."

ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழுப்புக் கடிதம். முப்பத்தொரு வருடப் பழசு. 'மறு அறிவிப்பு வரும் வரை மேற்படி வானப்பகுதி தங்கள் பயிற்சிப் பள்ளிக்கு ஒதுக்கப்படுகிறது. தினசரி தகவல் தரத் தேவையில்லை.' கீழே விளையாட்டுப் பறத்தல் கிளை என்ற முத்திரை.

"அந்தக் கிளையை மூடி இருபது வருஷம் ஆச்சே," என்றார் டெஸ்க்கம்மா.

"எங்களுக்கு யாரும் சொல்லலையே," என்றார் பயிற்சியாளர். "மறு அறிவிப்பும் வரல. நாங்க பாட்டுக்குப் பறந்துக்கிட்டிருக்கோம்."

மணி பதினொன்று நாற்பத்தைந்து. இன்னும் கால் மணி நேரத்தில் புதிய நேர்ப்பாதையில் முதல் பயணிகள் விமானம் இந்த வழியாக இறங்கும். ஆறாயிரம் அடியில்.

சித்தி இயக்குநருக்குப் போன் போட்டார். அவருடைய உதவியாளர் எடுத்து, ஐயா மேடையில் இருக்கிறார், விழா முடிந்து பேசுவார் என்றார். எது எது அவசரம் என்று எங்களுக்கு ஒரு வகுப்பும் எடுத்தார். நான் சிவில் டெஸ்க் எண்ணைக் கேட்டு வாங்கிப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரும் எடுக்கலை சித்தி!"

"எடுக்க வேண்டியவங்க உன் பக்கத்துல நிக்கறாங்க," என்றார் சித்தி. "எட்டு மணிக்கு அவங்களை அனுப்பிட்டாங்களே, வேற ஆள் போட்டாங்களான்னு கேட்டியா?"

டெஸ்க்கம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். "ராணுவ டெஸ்க் நம்பர் எனக்குத் தெரியும்," என்றார். "பேசினதில்லை. ஜன்னல் இருந்ததால தேவைப்படல."

இரண்டாவது மணியிலேயே மீசைக்காரர் எடுத்தார். டெஸ்க்கம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"வட்டம் பதினேழை மூடுங்க. உடனே. எட்டாயிரம் அடி வரைக்கும். மேல ரெண்டு பேர் பறந்துக்கிட்டிருக்காங்க."

"மூடலாம்மா. இந்தப் புது கம்ப்யூட்டர் உறுதி செய்தவர் யாருன்னு பேர் கேக்குது. வட்டம்னோ டெஸ்க்னோ போட்டா ஒத்துக்க மாட்டேங்குது. ஒரு ஆளோட பேர் வேணுமாம்."

"என் பேரைப் போடுங்க."

"உங்களை சஸ்பெண்ட்..."

"நாலு மணி விசாரணைக்கு அப்புறம்தான் பேரை எடுப்பாங்க. லிஸ்ட்ல இருக்கா, இல்லையா?"

தட்டுகிற சத்தம். "இருக்கு."

"போடுங்க. எப்படித் தெரியும்னு கேட்டா, புல்லுல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்காங்கன்னு எழுதுங்க."

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வட்டம் மூடியது. நாங்கள் நால்வரும் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்தோம். மிக உயரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பன்னிரண்டைத் தாண்டி நான்காவது நிமிடம், வடக்கேயிருந்து ஒரு பெரிய விமானம் நேராக வந்தது. வந்துகொண்டே இருந்தது. பிறகு அதன் ஒரு இறக்கை மெல்லச் சாய்ந்தது. வளைந்து, வழக்கமான சுற்றுப்பாதையில் ஒதுங்கிப் போய்விட்டது.

பயிற்சியாளர் டெஸ்க்கம்மாவைக் கட்டிக்கொண்டார். "பதினோரு வருஷமா எங்களைக் காப்பாத்தினது நீங்கதானா! யாரோ ஒருத்தர் எங்களுக்காக தினமும் எழுதறாங்கன்னு தெரியவே தெரியாதே!"

நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். எழுதியது அத்தனையும் உண்மையாகிவிட்டது. ஒரு பதிவுகூடப் பொய் இல்லை. கேஸ் முடிந்தது.

டெஸ்க்கம்மா அந்தக் கைகளை மெதுவாக விலக்கினார். அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதார். "எனக்குத் தெரியாதும்மா," என்றார். "நீங்க இருக்கீங்கன்னு தெரியாமதானே எழுதினேன். இது வெத்து வட்டம்னு என்னிக்காவது தோணியிருந்தா, அன்னிக்கே ரிஜிஸ்டர்லேருந்து அடிச்சிருப்பேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அடிச்சிருந்தா..."

சித்தியின் போன் அடித்தது. இயக்குநர். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை, அவர் குரல் வேலி வரை கேட்டது. "யார் அதிகாரத்துல மூடினீங்க? முதல் விமானமே சுத்திக்கிட்டு வந்திருக்கு! மேடையில எல்லார் முன்னாடியும் ஸ்கிரீன்ல அந்தக் கோடு வளையுது!"

சித்தி நிதானமாக விஷயத்தைச் சொன்னார். பல் டாக்டர், நாத்தனார், கடிதம், எல்லாம். பிறகு கேட்டார். "ஒரு விவரம் மட்டும் வேணும் சார். பன்னிரண்டு மணிக்குப் பதினேழு காலியா இருக்குன்னு திறந்தீங்களே, அதை உறுதி செஞ்சது யாரு?"

போனில் விழா ஹாலின் கைதட்டல் கேட்டது. "விசாரணையை... ரத்து பண்ணிடலாம்," என்றார் இயக்குநர். "அந்தம்மாவை நாளைக்கு வழக்கம்போல டூட்டிக்கு வரச் சொல்லுங்க."

டெஸ்க்கம்மா எழுந்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தியிடமிருந்து போனை வாங்கினார்.

"வேண்டாம் சார். நாலு மணிக்கு நான் வர்றேன். நான் செஞ்ச தப்பு நீங்க சொன்ன தப்பு இல்லை, வேற. பாக்காம எழுதினேன். அதை விசாரணையில சொல்லி, அவங்க குடுக்கற தண்டனையை வாங்கிக்கறேன். நீங்களும் வாங்க சார். பாக்காம திறந்தவங்களும் ஒருத்தர் வேணுமில்ல."

போனை அணைத்துச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தேடி எடுத்துக்கொண்டார். நான் காரைத் திருப்பி நிறுத்தினேன்.